அக்கா இடைநிறுத்திய விசாரணை

அக்கா போய் இன்று முப்பத்தோராவது நாள். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பங்குத்தந்தை என்னிடம் கேட்டபோது, அம்மாதான் முதலில் மறித்தார். "அவ தன்ரை வேலையைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சுவிடாதவ. நீ என்னத்தை எழுதப்போறாய்?" என்றார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எட்டாம் நாள் செபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்கள் காதால் கேட்டதை, வராதவர்களும் அறிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அன்று பேசிய இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். அவர்களுடைய பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அக்கா மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்தவர். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத வருடத்தில் அவருக்கு ஏழு வயது, எனக்கு இரண்டு. அடுத்த வருடம் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்தோம். அம்மா எங்களைச் சின்னம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு கன்னியாஸ்திரியின் உதவியோடு இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வீட்டுவேலைக்கு வந்தார். முகாமில் பெயர் கூப்பிடும் நாள்களில் எங்கள் இருவருக்காகவும் அக்காவே முன்னால் போய்ப் பதில் சொல்வார். நாங்கள் அம்மாவை மறுபடி பார்த்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. விமான நிலையத்தில் எனக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இவதான் அம்மா, கிட்டப் போ" என்றார்.

இரண்டே வருடத்தில் அவர் இத்தாலி மொழியை நன்றாகப் பேசப் பழகிவிட்டார். அதோடு, இங்கிருந்த தமிழர்கள் பலருக்கும் அவரே வாயானார். பதினைந்து வயதில் பக்கத்து வீட்டு அண்ணர் ஒருவரோடு கெஸ்தூராவுக்குப் போனார். வெளிநாட்டவரின் கடதாசிகளைப் பார்க்கும் பொலிஸ் தலைமையகம் அது. அண்ணர் "ஆவணியிலை வந்தனான்" என்றார். ஊரில் ஆவணி என்றால் ஓகஸ்ட்; அக்கா அதைச் செப்டெம்பர் என்று சொல்லிவிட்டார். கடவுச்சீட்டில் இருந்த முத்திரையோடு அது பொருந்தவில்லை. அண்ணருடைய வதிவிட அனுமதி ஒன்றரை வருடம் இழுபட்டது. அதற்கிடையில் ஊரில் அவருடைய தாயார் இறந்துபோனார். அவரால் போக முடியவில்லை. அவர் அக்காவை ஏசவில்லை. "சின்னப்பிள்ளை தானே, என்ன செய்யிறது" என்றார். அக்கா தன்னை அவ்வளவு எளிதில் மன்னிக்கவில்லை. அவர் சட்டம் படிக்கத் தீர்மானித்தது அதற்குப் பிறகுதான்.

லிபெர்த்தா வீதியில் அம்மா வேலைசெய்த வீட்டு எசமானியம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைப்பவர், அதைக் கேட்டு முதலில் சிரித்தாராம். பிறகு அதே சிஞ்ஞோராதான், இறந்துபோன தன் கணவரின் சட்டப் புத்தகங்களை இரண்டு பெட்டிகளில் கட்டிக் கொடுத்தார். காலையில் அக்கா அம்மாவோடு சேர்ந்து அந்த வீட்டில் நிலம் துடைப்பார், பின்னேரம் வகுப்புக்குப் போவார். கோடை முழுவதும் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் தட்டுத் தூக்குவார். அந்தப் படிப்பை அக்கா முடிக்க எட்டு வருடம் ஆனது. ஒரு பாடத்தில் இரண்டு தடவை தவறினார். மூன்றாம் தடவை போகும்போது, "இந்தமுறையும் விட்டா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "நாலாந்தரம் போவன்," என்றார். போகத் தேவை வரவில்லை.

பிறகு, ஆபிரிக்கக் கரையிலிருந்து அகதிப் படகுகள் ஓயாமல் வந்திறங்கிய வருடங்களில், துறைமுகத்தில் வேலைசெய்தார். நனைந்த உடுப்போடு இறங்குகிறவர்களுக்குப் போர்வை கொடுத்து, இது எந்த நாடு, அடுத்து என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்துகிற வேலை. அதற்குள் அவருக்கு இத்தாலியப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அதிகாரிகளை அரசு பரீட்சை வைத்துச் சேர்த்தபோது, அக்காவும் எழுதித் தேறினார். நியமனமும் பலெர்மோவிலேயே கிடைத்தது.

அந்த வேலை என்னவென்று இங்கே பலருக்குத் தெரியாது. பாதுகாப்புக் கேட்டு வருகிறவர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில், அக்கா இந்தப் பக்கம். வருகிறவர் தமிழராக இருந்தாலும், அக்கா மொழிபெயர்ப்பாளர் மூலம் இத்தாலி மொழியில்தான் கேட்க வேண்டும். ஏன் நாட்டை விட்டு வந்தார், திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று கேட்டு, சொல்வதை எழுதி, அது நம்பத்தக்கதா என்று ஆராய வேண்டும். முடிவை அக்கா தனியாக எடுப்பதில்லை, நால்வர் கூடித்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த நால்வருக்கும் முன்னால் இருப்பது அக்கா எழுதியதுதான். "நான் கேளாத கேள்விக்கு அவை பிறகு பதில் சொல்லேலாது," என்று ஒருமுறை சொன்னார். தன் வேலையைப் பற்றி அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான். கோயில் வாசலில் நம்மவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னால் அகதி அந்தஸ்துக் கிடைக்கும் என்று கேட்பார்கள். "நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கோ," என்பார். வேறு ஒரு சொல் வராது. அதனாலேயே சிலர் அவரைப் பிடிக்காமல் ஒதுங்கினார்கள். ஒருவருடைய விண்ணப்பத்துக்கு மறுப்பு எழுதிய நாள்களில் வீட்டுக்கு வந்ததும், கழுவி அடுக்கிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுவார். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்குப் போகும் நாள்களில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு மற்ற நாள்களில் வேலைக்குப் போனார். அந்தச் சமயத்தில்தான் நான் எழுத வந்த விஷயம் நடந்தது.

பலெர்மோவுக்கு முதன்முதல் வந்த தமிழர்களில் ஒருவர், நம் எல்லாருக்கும் உதவிய பெரியவர், அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். இங்கே அவரை ஐயா என்றே எழுதுகிறேன். திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தை ஒழுங்குபடுத்துகிறவர் அவர்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் இன்றும் சமைக்கும் உணவகத்தில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். ஒரு நாள் அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த விசாரணையை அக்கா பாதியில் நிறுத்தினார். மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று பதிவில் எழுதி, வேறொருவரை அழைக்கும்படி தன் மேலதிகாரியைக் கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் அக்கா சொல்லித் தெரிந்ததல்ல. இத்தனை வருடம் செய்த தன்னைத் தமிழ்ப் பிள்ளை ஒன்று அவமானப்படுத்திவிட்டது என்று ஐயா நாலு பேரிடம் சொன்னார், அந்த நாலு பேர் எல்லாரிடமும் சொன்னார்கள்.

நான் அன்றைக்கே அக்காவிடம் போனேன்.

"ஐயாவைப் பற்றி என்ன எழுதினீங்கள்?"

"அதைச் சொல்லேலாது."

"எனக்கு வேலை எடுத்துத் தந்த மனுசன். இனி நான் எந்த முகத்தோடை அவருக்கு முன்னாலை நிக்கிறது?"

"இப்ப இருக்கிற முகத்தோடை தான்."

"அக்கா, ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டா எல்லாம் அடங்கிப் போகும்."

"அந்தச் சொல்லு என்ரை இல்லைத் தம்பி. அது வேறை ஒருத்தற்றை."

எனக்கு அது விளங்கவில்லை. கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. சிகிச்சையில் இருந்த அக்காவோடு கதைக்காமல் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பாமல் இங்கே எழுதுகிறேன்.

கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல மெல்ல வேறு வாங்கு இருக்கைகளுக்கு மாறினார்கள். "உங்கடை மகள் வெள்ளைக்காரியாப் போட்டா," என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அம்மா வீட்டுக்கு வந்து அக்காவைக் கெஞ்சினார். "ஒருக்காப் போய் மன்னிப்புக் கேளன் பிள்ளை. பெரிய மனுசன் தானே."

"மனம் நொந்ததுக்கு மன்னிப்புக் கேப்பன் அம்மா. எழுதினதை மாத்தமாட்டன்."

சொன்னபடியே அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஐயாவிடம் போய், எல்லாரும் பார்க்க, "உங்கடை மனம் நொந்திருந்தா மன்னியுங்கோ" என்றார். ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அக்கா ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்குப் போனார். சிகிச்சையால் முடி கொட்டியபின், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் யாரும் இல்லாத வாங்கில் நிமிர்ந்து இருந்தார்.

கோடையில் நோய் ஈரலுக்குப் பரவியது. கையிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகச் சக அதிகாரிகளிடம் விளக்கி ஒப்படைத்த பிறகே வைத்தியசாலையில் படுத்தார். கடைசிக் கிழமைகளில் நான் வேலை முடிந்து நேரே அவரிடம் போவேன். ஒரு நாள் துணிந்து மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு ஒண்டும் தெரியாதுதானே," என்றார். "தெரியாத ஆள் கோவப்படலாம். நான் தெரிஞ்சுகொண்டு விட்டிருந்தா அதுதான் பிழை." பிறகு, நான் கொண்டுபோன மீன் சூப்பில் உப்புக் கூட என்றார். நான்கு நாள் கழித்து, அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், அமைதியாகக் கண்மூடினார்.

எட்டாம் நாள் செபம் முடிந்து எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஐயாவும் வந்திருந்தார். அப்போது எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கோயில் மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் படத்தைப் பார்த்து வந்ததாகச் சொல்லி, அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அம்மா, நான் முல்லைத்தீவு. உங்கடை மகள்தான் என்னை விசாரிச்சவ," என்றார். "முதல் நாள் எனக்கு அவவிலை சரியான கோவம். எங்கடை முகம், எங்கடை ஆள், ஆனா ஒரு சொல்லும் தமிழிலை கதைக்கேல்லை. நான் சொன்னன், சண்டை முடிஞ்ச பிறகு இரண்டரை வருசம் தடுப்பிலை இருந்தனான் எண்டு. அதுக்குப் பிறகு அவ ஒரே விசயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டவ. வெளியிலை போகலாமா, ஆர் காவல் நிண்டது எண்டெல்லாம். மொழிபெயர்த்தவர் எரிச்சல்பட்டார். பிறகு அவ பேனையை வைச்சிட்டு, இண்டைக்குக் காணும் எண்டு நிப்பாட்டிப்போட்டா. நான் நினைச்சன், என்னைத் திருப்பி அனுப்பப் போயினம் எண்டு."

அவர் தேநீரை எடுக்காமல் தொடர்ந்தார். "ரெண்டாந்தரம் வரச் சொல்லி அவவே விசாரிச்சவ. தலையிலை துணி கட்டியிருந்தா. மொழிபெயர்க்க இத்தாலியின்ரை வடக்குப் பக்கமிருந்து வேறை ஒரு அம்மா வந்தவ. அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, முதல் தரம் நான் தடுப்பு எண்டு ஆமி பிடிச்சு அடைச்சு வைச்சதைச் சொல்ல, அதை வெறும் அகதி முகாம் எண்டு சொல்லியிருக்கினம். சனமெல்லாம் இருந்த முகாமிலை நானும் இருந்தன் எண்டு. அதை அப்பிடியே விட்டிருந்தா, எனக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைச்சிட்டுது அம்மா. அவவுக்குச் சொல்லத்தான் தேடினனான்."

மூலைக் கதிரையில் இருந்த ஐயா எழுந்து நின்றார். "என்னைத் தெரியேல்லையோ தம்பி? தாடி வைச்சிருக்கிறன். மொழிபெயர்த்தது நான்தான்," என்றார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "நான் ஊரை விட்டு வந்தது எண்பதுகளிலை. பிறகு நடந்த சண்டையும் தெரியாது, அதுக்குள்ளை வந்த சொல்லுகளும் தெரியாது. தடுப்பெண்டா என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்கு முன்னாலை சொல்ல வெக்கமாயிருந்தது. வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதினது. நான்தான் பத்து மாசமாப் பிழையாக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். இதை ஆரும் எழுதிறதெண்டாலும் எழுதட்டும்."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இருங்கோ ஐயா. தேத்தண்ணி ஆறுது," என்றார்.

எல்லாரும் போனபின் குசினியில் அம்மா என்னிடம், "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்கள் கோயிலிலை சொல்லியிருப்பீங்கள்."

கொஞ்சம் யோசித்தார். "ஓம். சொல்லித்தான் இருப்பன்," என்றார். எட்டு நாளில் அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுதார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதித் திருப்பலியை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், எட்டு நாளும் எங்கள் அடுப்பு எரியத் தேவையில்லாமல் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தொண்ணூறு வயதில் படியேறி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிஞ்ஞோராவுக்கும், அக்காவின் அலுவலகத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த மாதங்களில் எங்களோடு கதைக்காமல் இருந்து, பின்பு அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும் நன்றி. யாரும் அம்மாவிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து இருந்தால் போதும்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து நாங்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது, ஆபிரிக்க இளைஞர் ஒருவர் தனியாக நின்றார். தன்னையும் அக்காதான் விசாரித்தார் என்று இத்தாலி மொழியில் சொன்னார். உங்களுக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்டேன். மறுப்பு என்றார். நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்துவிட்டுக் காத்திருக்கிறாராம். பிறகு ஏன் வந்தீர்கள் என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. அக்கா தன்னை நம்பவில்லை என்றும், ஆனால் தான் சொல்லி முடிக்கும்வரை ஒருமுறைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்தபின் தான் சொல்வதை யாரும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்றார். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இந்த மலரை வாசிக்க அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இதில் எழுதி வைக்கிறேன்: வந்ததற்கு நன்றி, சகோதரா. உங்கள் வழக்கு உங்கள் பக்கம் தீரட்டும்.

அம்மாவோடு,
தம்பி
பலெர்மோ