வைசூரி வருஷத்துக் கல்யாணம்

இது நடந்தது பட்டப்பகலில். பந்தலில் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள்தான் நான் அவளைப் பார்த்தேன்.

பிள்ளைத்தாய்ச்சி மயக்கத்தில் எதையோ கண்டிருக்கிறாள் என்று என் வீட்டுக்காரரே பல நாள் சொன்னார். எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. அவள் கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

1951-ஆம் வருஷம், வைகாசி மாதம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. பங்குனியிலேயே எங்கள் பக்கம் வைசூரி, அதாவது பெரியம்மை, வந்துவிட்டது. புதுக்கடைச் சந்தைக்குப் போய்வந்த ஒரு வியாபாரி கொண்டுவந்தான் என்று பேச்சு. யார் கொண்டுவந்தால் என்ன? தெருவுக்குத் தெரு வேப்பிலை தொங்கியது.

ஜனங்களுக்குப் பயம் இருந்தது. வேப்பிலை தொங்கும் வீட்டைத் தாண்டும்போது மேல்முண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடிப்போய், முக்குக் கடையில் ஒரே வெற்றிலைத் தட்டில் நாலு பேர் கையை விடுவார்கள். அம்மை குத்த ஆள் வந்தால் தென்னந்தோப்பில் ஒளிவார்கள். சாயங்காலம் சினிமாக் கொட்டகை மணலில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வீட்டுக்கு வரும், நம் வீட்டுக்கு வராது. எல்லோருக்கும் அப்படித்தான் நினைப்பு.

என் வீட்டுக்காரர் தாணப்பனுக்குத் தாலுகா கச்சேரியில் உத்தியோகம். அங்கே எல்லோருக்கும் கட்டாயமாக அம்மை குத்தியிருந்தார்கள். எனக்கு ஏழாம் மாசம். வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி, எனக்குக் குத்த என் மாமியார் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமியாரின் அண்ணன் வள்ளிநாயகம் பிள்ளை வீட்டுக் கல்யாணம் வந்தது. தோவாளைப் பக்கம் ஊர். மகளைக் கட்டிக் கொடுக்கிறார்.

"போகாண்டாம்னு தோணுகு," என்றேன்.

"எல்லாரும் போறாவ. நாம மட்டும் போகாட்டி மாமா என்ன நெனைப்பாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வயித்துல பிள்ளை இருக்கே..."

"காலைல போயி, தாலி கெட்டுனதும் சாப்பிட்டுட்டு வந்திருவோம். ஒரு நேரத்துல என்னட்டி வந்திரப் போவுது?"

மாமியாருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "எங்க அண்ணன் வீட்டுல தீனம், சீக்கு வருமா? என்ன பேச்சு பேசுகா இவ?"

போனோம்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கல்யாண வீட்டில் சாம்பிராணி போடுவதுதான். ஆனால் இவ்வளவா? புகைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. வேப்பிலை, மஞ்சள்... அதற்கும் அடியில் இன்னொன்று.

மணப்பெண்ணை மணவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டியவள் அவள் மதினி. அண்ணன் பெண்டாட்டி. தை மாதம்தான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பெயர் சண்முகவடிவு. நான் அவளைப் பார்த்ததில்லை. அன்றைக்கு யாரோ ஒரு சித்திதான் பெண்ணைக் கூட்டிவந்தாள்.

"மருமவ எங்க மாமா?" என்று கேட்டேன்.

"மயிலாடிக்குப் போயிருக்கா மக்கா. அவ அப்பாவுக்குச் சொகமில்ல." வள்ளிநாயகம் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டின் பின்பக்கம் அறப்புரை. நெல் போட்டு வைக்கும் அறை. கல்யாண நாளில் அரிசிக்கும் தேங்காய்க்கும் ஆள் ஏறி இறங்கும் இடம். அன்று அதில் பெரிய பூட்டு தொங்கியது. வாசற்படியில் புதிதாகச் சாணி மெழுகியிருந்தது. ஈரம் காயவில்லை.

"உள்ள பாம்பு கண்டோம். யாரும் அங்க போகாதுங்கோ," என்று பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார்.

தாலி கட்டி முடிந்தது. எனக்குக் கால் வீங்கிப்போயிற்று. இடுப்பு கடுத்தது. மாமியார் வீட்டுக்குள் ஆளில்லாத ஓர் அறையைக் காட்டி, "செத்த நேரம் சாஞ்சுக்கோ. அடுத்த பந்தியில இருக்கலாம்," என்றாள்.

அது அறப்புரைக்கு அடுத்த அறை.

பாயில் சாய்ந்தேன். வெளியே நாகஸ்வரம். இலை போடும் சத்தம். "பருப்பு... பருப்பு..." என்று பரிமாறுகிறவர்களின் குரல். வெயில் கொளுத்துகிறது. அறை மட்டும் சில்லென்று இருந்தது.

ஸ்... ஸ்...

தரையில் எதையோ இழுப்பதுபோல ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன்.

திரும்பவும்... ஸ்... ஸ்...

தலையைத் திருப்பினேன். சுவரோரம் ஒருத்தி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் சுவரைப் பார்த்து இருந்தது. புதுப் புடவை, மடிப்பு கலையாத புடவை. ஆனால் அவள் அதை உடுத்தியிருக்கவில்லை... யாரோ மேலே சுற்றிவிட்டதுபோல இருந்தது.

கல்யாண வீட்டுக்காரி என்றுதான் நினைத்தேன்.

"எத்தனாம் மாசம்?" கரகரத்த குரல்.

"ஏழு."

"சாப்பிட்டியா?"

"இல்ல. அடுத்த பந்தி."

"சாப்பிடாண்டாம்."

"ஏன்?"

"வீட்டுக்குப் போ."

பேசும்போது அவள் வாயிலிருந்து ஏதோ உதிர்ந்தது. பொட்டு... பொட்டு... ஒன்று உருண்டு என் பாயோரம் வந்தது. ஈரமான பச்சரிசி.

அட்சதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அட்சதை மஞ்சளாக அல்லவா இருக்கும்?

இது வெள்ளை.

அவள் என் பக்கம் நகர்ந்தாள். நடக்கவில்லை. இரண்டு காலும் ஒன்றாகவே நகர்ந்தன.

ஸ்... ஸ்...

காலைப் பார்த்தேன்.

இரண்டு பெருவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

"போ..."

எப்படி எழுந்தேன், எப்படிப் பந்தலுக்கு வந்தேன் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் பந்தியில் இருந்தார். அப்போதுதான் அவர் இலையில் சோறு விழுந்திருந்தது.

"நோவு எடுக்குது. வீட்டுக்குப் போணும்," என்றேன். பொய்தான். வேறு என்ன சொல்ல?

"எலையில இருந்து எழும்பச் சொல்லுகியா?"

"எழும்புங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் நாகஸ்வரம் நின்றது. வள்ளிநாயகம் பிள்ளை ஓடிவந்தார். நான் எந்த அறையிலிருந்து வந்தேன் என்று பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே போய் வண்டியைப் பூட்டச் சொன்னார்.

"எங்க அண்ணன் வீட்டுல வந்து மானத்த வாங்கிட்டா," என்று திட்டிக்கொண்டே மாமியார் அங்கேயே தங்கிவிட்டாள்.

வண்டி திரும்பும்போது பார்த்தேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் இடம்பிடிக்க முண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் புது மாப்பிள்ளை வைசூரியில் போனான். சமைக்க வந்தவர்களில் ஒருவர் போனார். நாகஸ்வரக்காரர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாமியார் காய்ச்சலோடு திரும்பிவந்தாள். தோப்பில் ஓலைப்புரை கட்டி அதில் படுக்கவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கக்கூட என்னை விடவில்லை. அவளும் தேறவில்லை.

கடைசிவரை அவளைப் பார்த்துக்கொண்டது முத்துக்கனி. வைசூரி வந்து பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்பதால், நோயாளிகளைப் பார்க்கவும், செத்தால் பாயில் சுருட்டிக் கொண்டுபோகவும் ஊர் ஊராக அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தது. தீனம் அடங்கிய பிறகு முத்துக்கனி பிள்ளையைப் பார்க்க வந்தாள். பேச்சுவாக்கில் அந்தக் கல்யாண வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அங்கயும் என்னத்தான் விளிச்சாவ அம்மா. கல்யாணத்தண்ணு அந்திக்கு. மருமவ சண்முகவடிவு, மொத நாள் ராத்திரியே போயிட்டாண்ணு சொன்னாவ. வெளிய தெரிஞ்சா கல்யாணம் நிண்ணுபோவும்லா? வாயில அரிசியப் போட்டு, காலக் கெட்டி, அறப்புரையில வச்சுப் பூட்டிட்டாவ."

அப்படியானால் நான் பார்த்தது செத்தவளைத்தான்.

முத்துக்கனி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா அம்மா... நான் பூட்டத் தொறந்து உள்ள போகும்போ அவளுக்கு உசிரு இருந்துது."

"என்ன சொல்லுக நீ?"

"மூக்குல கை வச்சுப் பாக்க ஒருத்தருக்கும் தைரியம் வரல்ல. அவ புருசன் கண்ணை மூடிக்கிட்டுக் காலக் கெட்டியிருக்கான். அவ்வளவுதான்."

"நடுவுல யாராவது அந்தக் கதவத் தொறந்தாவளா?"

"எப்படித் தொறப்பாவ? சாவி பெரியவரு மடியில இருந்துது. நான் போன பொறவுதான் எடுத்துத் தந்தாரு."

அந்த நடுப்பகலில் அவள் சாகவில்லை. பூட்டிய அறைக்குள் உயிரோடு கிடந்திருக்கிறாள். அப்படியானால் என் அறையில் வந்து நின்றது...?

"ஏதாவது பேசினாளா?"

"வெள்ளம் கேட்டா. ரெண்டு மடக்குக் குடிச்சா. பொறவு ஒண்ணு சொன்னா. எனக்கு அர்த்தம் வெளங்கல்ல. அதச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா."

"என்ன சொன்னா?"

முத்துக்கனி என்னைப் பார்த்தாள்.

"'பந்தி பந்தியாப் போயி எல்லாருட்டயும் சொன்னேன்... ஒருத்திதான் எழும்பிப் போனா'ண்ணு."