வாசலில் கழற்றிய செருப்பு

இன்று தாம்பரம் ஸ்டேஷனில் என் பழைய சூப்பர்வைசரைப் பார்த்தேன். எழுபதுகளில் நாங்கள் நாலு டைப்பிஸ்டுகள் அவருக்குக் கீழே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை, பத்து நாள் வேலையைத் திங்கட்கிழமைக்குள் கேட்டார் மேனேஜர். மறுநாள் என் தங்கைக்குக் கல்யாணம்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வர்றேம்மா" என்று எழுந்தார் இவர்.

மேனேஜர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"முடிச்சிடலாம் சார். பொண்ணுங்க நாளைக்கும் வருவாங்க" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது.

தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று என்னிடமே புலம்புகிறார்: "என் பேத்திக்கு லீவே இல்லம்மா. மேலிடத்துல முடியாதுன்னு சொல்ல அவ மேனேஜருக்குத் துப்பில்ல."

"அவரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போறாரா, சார்?" என்று கேட்டேன்.

அதற்குள் டிரெயின் வந்துவிட்டது. அவருக்குப் புரிந்திருக்குமா, சொல்லுங்கள்?