தோளை அழுத்தினால் நெற்றி வலித்தது

என் கிறுக்கல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றவன்.

ஷா ஆலம் நகரில் தொழிற்சாலை ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். மூன்று மாதமாக வலது நெற்றியில் விடாத வலி. மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரை விழுங்கினேன். மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்ட மனைவி கிள்ளானில் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் பரிசோதித்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் என் வலது தோளில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நெற்றியில் அதே வலி!

"நீங்க தலைய தொடவே இல்லையே லா!" என்றேன்.

"கட்டியெல்லாம் இல்ல அங்கிள், தசை இறுகிப்போச்சு. வேலையில எந்தப் பக்கம் திரும்பிப் பாப்பீங்க?"

சரக்கு முன்பக்கத்தை மறைப்பதால் நாள் முழுவதும் பின்னோக்கித்தான் ஓட்டுவேன். இருபது வருடமாக வலது தோளுக்கு மேலேயே திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

"இதுக்கா மூணு மாசம் ஊமையா இருந்தீங்க?" என்று சொல்லி, கூட வந்திருந்த மனைவி அழுதாள்.

தோளிலிருந்து நெற்றிக்கு ஒரு வழி இருப்பதை நினைத்தால் இன்றும் வியப்புதான். இப்போது மணிக்கொரு முறை இறங்கித் தோளைத் தளர்த்துகிறேன். எங்கே வலித்தாலும் முதலில் அவளிடம் சொல்கிறேன்.

கூச்சத்தில் தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது: தைப்பூசத்துக்கு மறுநாள்.