சம்பந்தியம்மா திருப்பி அனுப்ப நினைத்த துணி

கத்தரியக்காவின் வேலை, முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்வது. இணையத்தில் துணி விற்கும் ஒரு கடையின் தொலைபேசிப் பிரிவில் இருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பிகளில் துணிச் சுருள்கள் தொங்கும். நீள மேசையில் போட்டு அளந்து வெட்டுவார்கள். இந்தப் பக்கம் ஹெட்செட்டும் நாற்காலிகளும். தைத்த தலையணை உறை, பிரிக்காத முழுச் சுருள் என்றால், பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்குக்கூடத் திருப்பி அனுப்பலாம். கேட்ட நீளத்துக்கு வெட்டிய துணி மட்டும் திரும்பாது. ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெட்டியது இன்னொரு வீட்டு ஜன்னலுக்கு ஆகாதே. கடை தப்பாக வெட்டியிருந்தாலோ, துணியில் ஓட்டை இருந்தாலோ கதை வேறு; அப்போது பணமும் உண்டு, மன்னிப்பும் உண்டு.

"துணியில கத்தரி பட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று ஓயாமல் சொன்னதால் வந்த பெயர் அது. கூட வேலை செய்யும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அதைக் கத்தரிக்கா என்று சுருக்கியதும் அவருக்குத் தெரியும். "முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்று அவரே சிரிப்பார். கணவர் போன பிறகுதான் முதன்முதலாக வேலைக்கு வந்தார். வந்த புதிதில் வாடிக்கையாளர் திட்டினால் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருவார். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், அந்த விதி பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் கிடந்தது. முதலாளியை விடாமல் நச்சரித்து, பணம் கட்டும் இடத்துக்கு மேலேயே கொட்டை எழுத்தில் போடவைத்தார். அதற்குப் பிறகு திட்டு பாதியாகக் குறைந்தது.

ஒரே மகளைப் போன வருடம் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தியம்மா பேசினால் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். போகும்போதெல்லாம் பேசுவது அவர், தலையாட்டுவது இவர். மகளை அந்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். அதற்கு இடைவெளி கிடைத்ததில்லை. இவர் ஏதோ கம்பெனியில் இருக்கிறார் என்பதற்கு மேல் சம்பந்தியம்மாவும் விசாரித்ததில்லை.

ஒரு நாள் காலை ஹெட்செட்டில் அதே குரல். "ஜன்னலுக்கு வாங்கின துணி பத்தலைங்க. பாவாடை மாதிரி பாதியில நிக்குது. திருப்பி எடுத்துக்கங்க."

இவர் நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "மருமகதான் அளந்தா. அளவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்." இனி எப்படிச் சொல்வது? சொன்னால் சம்பந்தியம்மாவுக்குச் சங்கடம். சொல்லாவிட்டால் ஒட்டுக்கேட்கிற மாதிரி. வேலைக் குரலையே பிடித்துக்கொண்டு, துணியைத் தரையில் விரித்து அளந்து பார்க்கச் சொன்னார். எங்கள் ஆட்கள் குறைத்து வெட்டியிருக்கக் கூடாதா என்று, சம்பளம் தரும் கடைக்கு எதிராக வேண்டிக்கொண்டார். கேட்டதற்கு ஒரு விரல் கூடவே இருந்தது. மகள் ஜன்னலை மட்டும் அளந்திருக்கிறாள். கீழே இறங்கவும் மடித்துத் தைக்கவும் விட வேண்டியதை மறந்துவிட்டாள்.

முடியாது என்பதை இவர் மெதுவாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் குரல் இறங்கி வந்தது.

"எனக்காகக் கேக்கலைங்க. வேலைக்குப் போயிட்டு வந்து, நாற்காலி மேல ஏறி நின்னு அளந்தா பாவம். தப்பாயிடுச்சுன்னு தெரிஞ்சா சாப்பிடக்கூட மாட்டா. அவ வர்றதுக்குள்ள மாத்திடலாம்னு பார்த்தேன்."

கத்தரியக்கா இத்தனை மாதம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் தானாக வந்து காதில் விழுந்திருந்தது. அதற்காக விதி மாறிவிடாதே. மறுபடியும் முடியாது என்றார். சம்பந்தியம்மா போனைப் பட்டென்று வைத்தார்.

அன்று அரை நாள் விடுப்புச் சொன்னார். வெட்டும் மேசையில் மிஞ்சிய துண்டுகளைப் புரட்டி, அந்தத் துணியின் பச்சைக்கு எடுப்பான மஞ்சளில் ஒன்றை விலைக்கு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.

உட்காருவதற்குள் சம்பந்தியம்மா ஆரம்பித்துவிட்டார். எவளோ ஒருத்தியாம், குரல் தேன், மனசு கல்லாம். அந்தக் குரலில் அப்படியே பேசியும் காட்டினார். கொஞ்சம் பொருந்தவும் செய்தது.

"அந்த ஒருத்தி நான்தாங்க" என்றார் இவர்.

சம்பந்தியம்மா இவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் கேட்டார்: "அப்போ நான் சொன்னதெல்லாம்?"

"கேட்டேன். அதனாலதான் வந்தேன்."

"நான்தான்னு தெரிஞ்சும் முடியாதுன்னுதானே சொன்னீங்க?"

"யார் கேட்டாலும் அதைத்தாங்க சொல்லணும்."

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியாத நிலை. "சரி, அந்தப் பாவம்னு சொன்னதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. தலைக்கேறிடும்" என்றார்.

தையல் எந்திரத்தை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். இவர் மஞ்சளைப் பட்டையாக வெட்டிப் பச்சைக்கு அடியில் வைத்துத் தைக்க, சம்பந்தியம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். நூல் இரண்டு தடவை அறுந்தது. தையல் ஓரிடத்தில் கோணியது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று இருவரும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டார்கள்.

மகள் வேலை முடிந்து வந்தபோது திரை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தாள். கீழே மஞ்சள் வைத்தது யாருடைய யோசனை என்று கேட்டாள். அம்மா மாமியாரைக் காட்டினார். மாமியார் அம்மாவைக் காட்டினார்.

"யாரா இருந்தாலும் சரி, படுக்கையறை ஜன்னலுக்கும் இதே மாதிரி வேணும்" என்றாள். "இருங்க, அளவு எடுக்கிறேன்."

"வேண்டாம்" என்றார்கள் இருவரும்.