ரெட் சேடிலில் ஒரு இருக்கை

ஊரே சந்தோஷமாக இருந்த ஓர் இடத்தில், அந்தச் சந்தோஷத்துக்கான கறியை வாட்டிக் கொடுத்தவளுக்கு அதில் பங்கு உண்டா? நடீன் கிரெப்ஸ் இந்தக் கேள்வியைத் தன் வாயால் கேட்டதில்லை. அவளைப் பார்த்தவர்களுக்கும் இது தோன்றியதில்லை, கல்லாவில் உட்கார்ந்திருந்த பெவ் ஒருத்தியைத் தவிர. அவளும் கிண்டலாகத்தான் கேட்டாள்.

“க்யூவுல நிக்கிறவன் அத்தனை பேரும் இளிச்சுக்கிட்டு நிக்கிறான். நீ மட்டும் ஏன்டி எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிறே?”

“சிரிச்சா கறி கருகிடும்.”

“கருகட்டுமே. ஓசி ஐஸ்கிரீம் உண்டுன்னு சொல்லு, மெதடிஸ்ட்காரன் கரியையும் தின்னுட்டுப் போவான்.”

ஒஹாயோவின் மேற்குப் பக்கம் கெட்லர் என்கிற ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி ரெட் சேடில் இருந்தது. நாடு முழுக்கக் கிளைகள் இருந்த ஸ்டேக் கடை அது, தடித்த மாட்டுக்கறித் துண்டை வாட்டித் தருகிற இடம். வாசலில் ட்ரே எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். சாலட் மேசையைத் தாண்டி, கறி எப்படி வேக வேண்டும் என்று சொல்ல வேண்டும். தட்டு வரும்போது கறியின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் குதிரை குத்தியிருக்கும். சிவப்புக் குதிரை என்றால் உள்ளே ரத்தம் இருக்கும். கறுப்பு என்றால் நன்றாக வெந்தது. பிள்ளைகள் அந்தக் குதிரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்று அதே குதிரைகளை இணையத்தில் ஏலம் கேட்கிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊரின் இரண்டு சபைகளுக்கும் அங்கே ஒரு பந்தயம் நடக்கும். பாப்டிஸ்ட் போதகர் பிரசங்கத்தை இழுத்தால் மெதடிஸ்டுகள் முந்திக்கொள்வார்கள். மெதடிஸ்டுகள் ஒரு பாட்டுக் கூடுதலாகப் பாடினால் ஜன்னலோர மேசைகள் பாப்டிஸ்டுகளுக்குப் போய்விடும். கெட்லரில் பிரசங்கத்தின் நீளத்தைத் தீர்மானித்தது பரிசுத்த ஆவி அல்ல, பசிதான் என்பது இரண்டு போதகர்களுக்கும் தெரியும். இருவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நடீனின் கணவன் லைல் மெதடிஸ்ட். வார நாட்களில் இன்ஜின் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு காலை மகள் ரோண்டாவுக்கு அவனே தலை சீவி, கோயிலுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேராக ரெட் சேடிலுக்கு அழைத்து வருவான். வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குப் பாதி விலை. “ஞாயித்துக்கிழமைன்னா குடும்பமா ஒக்காந்து சாப்பிடணும்” என்பான். அவன் அதை நம்பித்தான் சொன்னான். நடீன் அந்த நேரத்தில் கிரில் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள் என்பது அந்த வாக்கியத்தை எந்த விதத்திலும் பாதித்ததாகத் தெரியவில்லை.

சீருடையோடு யாரும் கூடத்தில் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். நடீன் பின்கட்டில், பால் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய கறியைத் தின்பாள். அது அவளுக்குக் குறையாகப் பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று லைலுக்கு வேலை, ரோண்டாவுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிறு விடுப்பு வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருந்தால் எப்போதாவது கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று நினைத்துக் கேட்காமல் இருப்பது ஒன்று, கேட்கலாம் என்றே தோன்றாமல் இருப்பது வேறு. நடீனுடையது இரண்டாவது வகை. அதைத் தியாகம் என்று சொல்வது அவளை உயர்த்துவது போலத் தோன்றும். உண்மையில் அது அவளைச் சரியாகப் பார்க்காமல் விடுவதாகும்.

கடைகள் ஒவ்வொரு ஊராக மூடப்பட்டன. கெட்லர் கிளை மூடியபோது நடீன் மருத்துவமனைச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். கட்டடம் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது, பிறகு மெத்தை விற்கும் கடையானது, கடைசியில் ஒரு புதிய சபை அதை வாங்கிக் கோயிலாக்கியது. “சாலட் மேசை இருந்த எடத்துல பலிபீடம் வெச்சிருக்கான்டி” என்று பெவ் வந்து சொன்னாள். “இப்பவாவது நீ ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போன கணக்கு வருமே, போய் ஒக்காரு.” நடீன் போகவில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில் லைல் இறந்தான். சவப்பெட்டியின் பக்கத்தில் நடீன் நின்றாள். ஊர் வரிசையில் வந்து கை கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அழவில்லை. அழுகையை அடக்குவது போலவும் இல்லை. அன்று சாயங்காலம் சமையலறையில், கொலம்பஸ் நகரத்திலிருந்து வந்திருந்த ரோண்டா பாத்திரம் துடைத்தபடி சொன்னாள்:

“அப்பா பெட்டிக்குப் பக்கத்துல ஆர்டர் எடுக்கிற மாதிரி நின்னுட்டிருந்தே.”

நடீன் அடுத்த தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினாள்.

“நான் ஒண்ணு கேக்குறேன். எங்க ரெண்டு பேர் மேலயும் உனக்கு எப்பவாவது ஏதாவது இருந்துச்சாம்மா?”

நடீன் யோசித்தாள். நேர்மையான ஆள் என்பதால் நிஜமாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இருந்ததா இல்லையா என்று சொல்லக்கூட முடியவில்லை. பனியில் விறைத்த விரலால் துணியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

“ஃபிரிட்ஜுல பன்னிக்கறி மிச்சமிருக்கு. போகும்போது எடுத்துட்டுப் போ” என்றாள்.

ரோண்டா எடுத்துக்கொண்டு போகவில்லை. குடும்பங்கள் கூடி விருந்துண்ணும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. நடீன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். ஒரே மகள் போய்விட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எப்படித் திரும்ப அழைப்பது என்பது தெரியவில்லை. இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

வசந்த காலத்தில் பெவ் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். “உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாரு.”

பழைய ஸ்டேக் கடைகளை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் ரோண்டா ஒரு படம் போட்டிருந்தாள்: ஜன்னலோர மேசையில் லைல், எதிரே எட்டு வயது ரோண்டா, வாயெல்லாம் ஐஸ்கிரீம். பின்னால் மங்கலாக ஒரு வெள்ளைத் தொப்பி. “எங்க வாழ்க்கையிலேயே சந்தோஷமான மேசை இது. அம்மா கிரில்லுக்குப் பின்னாடியிருந்து எங்களையே பாத்துக்கிட்டு இருப்பாங்க” என்று எழுதியிருந்தாள். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அழுதிருந்தார்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான், அந்த ரொட்டி மறக்காது, அந்தக் காலம் இனி வருமா. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களைப் போலவே பேசினார்கள். ஏக்கம் எப்போதும் ஓர் இருக்கையிலிருந்துதான் பார்க்கிறது; அந்த இருக்கைக்கு எட்டாதது அதற்கு இல்லாதது.

“பேர் வாங்கிட்டே போ” என்றாள் பெவ். “நீ இல்ல. உன் தொப்பி.”

நடீன் படத்தை நெடுநேரம் பார்த்தாள். “லைல் இந்தச் சட்டைய எங்க வெச்சான்னு தேடிக்கிட்டிருந்தேன்” என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருடத்தில் நடக்கும் ஒரு தொடர். அதில் ஒரு குடும்பம் ஸ்டேக் கடைக்குப் போகிறது. சபையிடம் கட்டடத்தை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, நாற்காலிகளை அப்புறப்படுத்தி, கம்பளம் முதல் ஐஸ்கிரீம் இயந்திரம் வரை பழையபடியே அமைத்தார்கள். அடுத்த மேசைகளில் சும்மா உட்கார ஊர்க்காரர்கள் வேண்டும் என்றார்கள். அன்று ரோண்டாவே போன் செய்தாள்.

“அம்மா. நான்தான். அந்த ஷூட்டிங் விஷயம் கேள்விப்பட்டியா?”

“பெவ் சொன்னா.”

“நாம ரெண்டு பேரும் போலாம்மா. நம்ம மேசையில ஒக்காரலாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இது ஒண்ணுக்காவது வாயேன்.”

அந்த ‘ஒண்ணுக்காவது’ என்ற சொல்லில் என்ன இருந்தது என்று நடீனுக்குப் புரிந்தது. “வரேன்” என்றாள்.

படப்பிடிப்புக்காக அங்கே செய்து வைத்திருந்ததைச் சிறப்பு என்று சொல்ல முடியாது. துல்லியமாக இருந்தது, அது வேறு. வேறெங்கோ மூடிய கிளையிலிருந்து பழைய கிரில் மேடையையும், தட்டுகள் ஆறாமலிருக்க மேலே தொங்கும் சூட்டு விளக்குகளையும் வாங்கி வந்து மாட்டியிருந்தார்கள். வாசலிலேயே ரோண்டா அழ ஆரம்பித்தாள். நடீன் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. மகள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, “தரை சுத்தமா இருக்கு” என்றாள்.

ஜன்னலோர மேசையில் ஏற்கெனவே ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மெர்ல். குடும்பம் முழுமையாகத் தெரிய ஒரு அப்பா வேண்டுமாம். மெர்ல் தொப்பியைக் கழற்றினார்.

“வணக்கம்மா. இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் நான்தானாம். சத்தம் போடாத வீட்டுக்காரர்தான், கவலப்படாதீங்க.”

“எங்க வீட்டுக்காரரும் சத்தம் போட மாட்டாரு” என்றாள் நடீன்.

அப்போது காதில் ஒலிக்கருவி மாட்டிய கெல்சி என்ற பெண் ஓடிவந்தாள். ஆட்களை நிறுத்துவதும் மாற்றுவதும் அவள் வேலை. “மிசஸ் கிரெப்ஸ், நீங்க இங்கயே கிரில்லுல வேலை பாத்தவங்களாமே! டைரக்டர் உங்களத்தான் அங்க நிக்க வைக்கணும்ங்கிறார். கேமரா உங்க கையைக் காட்டும். நீங்க திருப்பிப் போடுறதே போதும்.”

“அம்மா, போம்மா!” ரோண்டா அவள் தோளைப் பிடித்தாள். கண்ணில் இன்னும் நீர். “அப்படியே அன்னிக்கு மாதிரியே இருக்கும். நான் இங்கருந்து உன்னைப் பாப்பேன். நீ அங்கருந்து பாப்பே. ப்ளீஸ்மா.”

எல்லோரும் காத்திருந்தார்கள். போயிருந்தால் மகளுக்கு அவள் கேட்டது அப்படியே கிடைத்திருக்கும். குளிர்காலம் முழுக்க நடீன் எதற்காகப் போனைப் பக்கத்தில் வைத்திருந்தாளோ, அதுவும் கிடைத்திருக்கும். நடீன் தன் இரண்டு கைகளையும் கெல்சியின் முன் நீட்டினாள்.

“எம்பத்து மூணுல என் கை இப்படி இல்லம்மா. நரம்பைப் பாரு. இவ கையை வெச்சுக்க. என் கை அப்ப இவ கை மாதிரிதான் இருந்துச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா!” என்றாள் ரோண்டா.

“தெரியறதுக்கு ஒண்ணுமில்ல. கொழுப்பு ஓரம் சுருண்டா திருப்பு.”

இயக்குநரிடம் கேட்டுவிட்டு வந்து கெல்சி சரி என்றாள். ரோண்டாவுக்கு வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் மாட்டி, இடுக்கியைக் கொடுத்து, அடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நடீன் மேசையில், அன்றைக்கு ரோண்டா உட்காரும் பக்கத்தில், மெர்லுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரெக்சின் இருக்கை அவள் எடைக்கு மெல்ல அமுங்கியது.

சூட்டு விளக்குகளை ஏற்றினார்கள். கறி சீறியது, புகை எழுந்தது. உருளைக்கிழங்குத் தட்டோடு யாரோ குறுக்கே போனார்கள். ஒத்திகைக்கு நடுவில் அடுப்புப் பக்கமிருந்து ரோண்டாவின் குரல் உரக்க வந்தது.

“அம்மா? எங்க இருக்கே? இங்கருந்து ஒண்ணுமே தெரியலயேம்மா!”

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “லைட்டு கண்ணை அடிக்குது! செவப்பா மட்டும்தான் தெரியுது. மேசையே தெரியல. அம்மா!” இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

கெல்சி குனிந்து கேட்டாள். “மிசஸ் கிரெப்ஸ், உங்க பொண்ணுக்கு ஒரு மாதிரி இருக்கு போல. இடம் மாத்திடலாமா? இன்னும் நேரமிருக்கு. ஒரு நிமிஷம்தான்.”

மெர்ல் மரியாதைக்குப் பாதி எழுந்தார். அடுப்புக்குப் பின்னால் ரோண்டா இடுக்கியைப் பிடித்தபடி, கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, தவறான மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றாள் நடீன். “இங்கயே இருக்கேன்.”

நடிப்பவர்கள் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பளபளப்புக்காகக் கறியின் மேல் எண்ணெயும் சாயமும் பூசியிருந்தது. கேமரா ஓட ஆரம்பித்ததும் நடீன் கைத்துணியை மடியில் விரித்தாள். கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றாள். மெர்ல் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு துண்டு வெட்டினாள். ஏன் என்று அன்று காரில் ரோண்டா கேட்டாள், பெவ் பல தடவை கேட்டாள். நடீன் சொல்லவேயில்லை.