ஹார்டு டிஸ்க் எசென்குல்

மலையடிவார ஏரி ஊரான கராகோலின் சந்தையில், கடைசி வரிசையில், சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டகத்தையே கடையாக்கி அதற்குள் எசென்குல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், உறங்குகிறார் என்று பொருளன்று. காதருகே ஒரு பழைய ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். இளமையில் ஏரிப் படகில் இயந்திரம் பார்த்தவர் அவர். ஓசையைக் கொண்டே நோயறியும் பழக்கம் அங்கே வந்தது. புதிய டிஸ்க்குகள் பொருந்தாத பழைய கணினிகளுக்காக, கழித்துப் போட்டவற்றிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கிக் கம்பளியில் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொன்றின் சுழற்சியிலும் ஏரிமேல் வரும் காற்று அவருக்குக் கேட்கும்.

“உன்னை எழுப்ப ஆள் வந்தாச்சுப்பா,” என்றார் எதிர்க்கடையில் கம்பளிச் செருப்பு விற்கும் சாமுதீன்.

வந்தவள் புருல். மெத்தையில் சுற்றிக் கொண்டுவந்த கணினியை இறக்கிவைத்தாள். மாமனார் இறந்து ஓராண்டாகிறது. அவர் கோமூஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடிய பாட்டு இதற்குள் மட்டுமே இருந்தது. நினைவு விருந்தில் உறவினர் அதைக் கேட்க வேண்டும். கணினியோ திறக்க மறுத்தது.

எசென்குல் டிஸ்க்கைக் கழற்றித் தம் கணினியில் இணைத்துச் செவி கொடுத்தார். டிக், டிக் என்றது.

“தங்கச்சி, இது கடைசி மூச்சு. மாத்து டிஸ்க் தயாரா இருக்கு, ஆனா எல்லாத்தையும் எடுக்க முடியாது. பட்டியல்கூடத் திறக்கல, பேரைப் போட்டுத்தான் தேடணும். பாட்டு எந்த ஃபோல்டர்ல இருக்கு?”

“பெரியவர் பேர்லதான்.”

“பேரு?”

புருல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மருமகளாக வந்த நாள்முதல் அந்தப் பெயர் அவள் நாவில் ஏறியதில்லை. “எங்க வீட்டு வெள்ளைத்தாடிக்காரர்,” என்றாள்.

“கம்ப்யூட்டருக்குத் தாடியெல்லாம் தெரியாதும்மா. வீட்டுக்காரருக்குப் போன் போடு.”

“குதிரையோட மலை மேல இருக்காரு. அங்க போன் எடுக்காது.”

“சொல்லித் தொலை புள்ள. பெரியவர் காதுல விழவா போகுது?” என்றார் சாமுதீன்.

“என் காதுல விழுமே, அண்ணே.”

டிக் ஒலி நெருங்கி நெருங்கி வந்தது. எசென்குல் விசைப்பலகையை அவள் பக்கம் திருப்பினார்.

“வாயால சொல்ல வேணாம். விரலால சொல்லு. நாங்க பாக்கல. சாமுதீன், அந்தப் பக்கம் திரும்புய்யா.”

உதடுகளும் கூடவே அசைந்துவிடுமோ என்று அஞ்சி அவற்றை இறுக மூடிக்கொண்டு, அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு மெல்ல வளர்ந்து, மறுமுனையைத் தொட்டது. சற்றைக்கெல்லாம் பழைய டிஸ்க் அடங்கிப்போயிற்று.

மாற்று டிஸ்க்கிலிருந்து கோமூஸ் ஒலித்தது. சந்தை இரைச்சல் எங்கோ விலகிப் போயிற்று. பனி கரையும் சரிவொன்றில் மூவரும் தனித்திருப்பதுபோல் இருந்தது. பாட்டு முடிந்த பின்னும் பதிவு ஓடியது. கிழவர் இருமினார்.

“மருமகளே, டீ ஆறிப்போச்சு.”

புருல் சட்டென எழுந்தாள். பெரியவர் முன் காலைதோறும் செய்ததுபோல் மார்பில் கைகட்டி மும்முறை குனிந்தாள். பின் அவள் கை தேநீர்க் கெண்டியைத் தேடி வெறும் மேசைமேல் அலைந்தது.

சாமுதீன் தம் கெண்டியை நீட்டினார்.