முன்னால் போகும் சக்கரம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் வயருமாக மேலேயும் கீழேயும் போய்வருகிற மனுஷன். அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு நேராகப் போயாக வேண்டும். விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார். கூட்டாளி என் அண்ணன். இருவரும் போட்டிக்குப் போனதில்லை, பரிசு வாங்கியதில்லை. அவ்வளவு தூரம் மிதித்துப்போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். டீ வீட்டிலேயே கிடைக்குமே என்று நான் கேட்டால், இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு தூசியைக்கூடப் பொறுக்கமாட்டார். சாலையில் அவர்தான் முன்னால். எதிர்க்காற்றை அவர் நெஞ்சு வாங்கிக்கொள்ளும். இவர் அந்தப் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே போவார். பள்ளம் வந்தால் அண்ணன் கையைக் கீழே காட்டுவார். அவருடைய மெல்லிய பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு மட்கார்ட் இருக்கும். அந்த மாதிரி வண்டியில் யாரும் அதை மாட்டமாட்டார்கள். "பால்காரர் வர்றாரு, வழி விடுங்க" என்று மற்ற சைக்கிள்காரர்கள் கேலி செய்வார்கள். "இது எனக்கில்லப்பா, பின்னாடி வர்றவனுக்கு" என்பார் அண்ணன். மழைநாளில் முன்னால் போகும் சக்கரம் வாரி இறைக்கிற சேறு, பின்னால் வருகிறவர் முகத்தில்தான் அடிக்கும். இருபது வருஷத்தில் என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் கடையில் வேலையாக இருக்கும்போதே அண்ணனைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று குழறிக் குழறி ஒன்றுதான் சொன்னார்.

"என் எடத்த யாருக்கும் குடுத்துடாத மாப்ளே. வந்துடுவேன்."

இவர் தலையாட்டினார்.

சைக்கிளைத் தன் கட்டிலுக்கு எதிரே சுவரோரம் நிறுத்தச் சொன்னார் அண்ணன். ஞாயிறுதோறும் இவர் போய் இரண்டு டயருக்கும் காற்றடித்து வைப்பார். ஓடாத வண்டிக்கு எதற்குக் காற்று என்று அண்ணி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீடே அந்தக் காற்றில்தான் நின்றுகொண்டிருந்தது. பிறகு அண்ணன் இடது கையை நீட்டுவார். இவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பார், அண்ணன் மடியில் வைத்துத் துடைத்துத் தருவார். அவர் தொழிலில் அவருக்கு மிச்சமிருந்தது அது மட்டும்தான்.

இவர் சைக்கிளைத் தொடுவதையே விட்டுவிட்டார். ஞாயிறு காலையில் ஜன்னலோரம் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. "தனியா நெடுஞ்சாலைக்கு விடமாட்டேன். ஆனா இப்படியும் உக்கார விடமாட்டேன். யாரையாவது தேடுங்க" என்றேன்.

தேடினார். கல்யாணத்துக்கு வரன் பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு அலையவில்லை. முதலில் வந்தவர் பாலத்தைத் தாண்டியதும் கண்ணிலிருந்தே மறைந்துபோனார். அடுத்தவர் மரத்துக்கு மரம் நின்று போட்டோ எடுத்தார். மூன்றாமவர் போகும்போதும் வரும்போதும் தன் மாமியாரைப் பற்றியே பேசினாராம். கடைசியில் சைக்கிள் கடைக்காரர், ஒரு பேங்க் கேஷியரம்மாவைக் கோத்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண். நோட்டைப் போலவே பேச்சையும் எண்ணித்தான் வெளியே விடுவார். ஆனால் முன்னால் போகும்போது மிதி ஒரே சீராக இருக்கும், பள்ளம் வந்தால் கை தவறாமல் இறங்கும் என்றார் இவர்.

"வேற பொம்பள கூடப் போறாரே, உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"பசியோட திரும்பி வர்றாரு. அது போதும்" என்றேன். அது உண்மைதான்.

அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. "இன்னிக்கும் தனியாவா மாப்ளே?" என்று அவர் கேட்பார். "ஆமா மச்சான்" என்று இவர் தரையைப் பார்த்துச் சொல்வார். சொன்னால், நீ இனி வரப்போவதில்லை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். எங்கள் யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிறு நல்ல மழை. நான் முன்னாலேயே போய் அண்ணிக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் கேஷியரம்மாவைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு வந்தார். அண்ணி தரையைத் துடைத்திருப்பாளே என்று வாசல் குழாயில் ஷூவைத் தேய்த்துக் கழுவினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணன் கையை நீட்ட, வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு லென்ஸிலும் பொடிப்பொடியாகச் சேற்றுப் புள்ளிகள். தனியாக ஓட்டுகிறவருக்குச் சேறு முதுகில் அடிக்கும். கண்ணாடியில் இப்படி அடிக்க, முன்னால் ஒரு சக்கரம் வேண்டும்.

"முன்னாடி யாரு மாப்ளே?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பேங்க்ல கேஷியரா இருக்காங்க மச்சான்."

"பள்ளம் வந்தா கை காட்றாங்களா?"

"காட்றாங்க."

"பிரேக்க சட்டுனு புடிக்கிறாங்களா?"

"இல்ல மச்சான்."

அண்ணன் கண்ணாடியை மடியில் இறக்கினார். கோபமாக இருந்தால் தேவலை என்று நினைத்தேன். கோபம் இல்லை. சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்துத் தாடையை அசைத்தார்.

"அந்த மட்கார்டக் கழட்டு. அவங்க வண்டில மாட்டு. சேறு கண்ணுல அடிச்சா உனக்கு ரோடு தெரியாது."

"மச்சான், நீங்க வந்தா..."

"கழட்டு மாப்ளே."

லிஃப்ட் மோட்டாரையே அக்கக்காகப் பிரிக்கிற மனுஷன், ஒரு சின்ன ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் மட்டுமல்ல. அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள். மட்கார்ட் கையோடு வந்ததும் பின்சக்கரம் மொட்டையாகத் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், இவர் பம்பை எடுத்து டயர் பக்கம் குனிந்தார்.

"காத்து வேணாம்" என்றார் அண்ணன். "இனிமே வேணாம்."

இவர் பம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். அண்ணன் மட்டும் அழவில்லை. கண்ணாடியை மடியில் வைத்து, ஒற்றைக் கையால், மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இவரிடம் நீட்டினார்.

"போட்டுக்க. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வா."